கூபர் பீடியில் பாறைக்குள் தங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே 846 கிலோமீட்டர் சென்றால் கூபர் பீடி என்ற சிற்றூர் வருகிறது. ஓப்பல் என்னும் மணிக்கல்லுக்காக உருவான இந்த ஊரில் ஏறத்தாழப் பாதி மக்கள் பாறையைக் குடைந்து அமைத்த வீடுகளில் வாழ்கிறார்கள். வருகிற விருந்தினர்களும் அப்படியே தங்குவதற்குச் சில சிறிய ஹோட்டல்கள் இங்கே இருக்கின்றன. அடிலெய்டில் வசிக்கும் நான் குடும்பத்தோடு நான்கு முறை அங்கே தங்கியிருக்கிறேன். புறப்படுவதற்கு முன் நண்பர்களும் ஊரிலிருந்து வரும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை, நான் சொல்லும் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

அவுட்பேக் என்றால் எது? அங்கே பூட்டிக் ஹோட்டல் என்பதற்கு என்ன பொருள்?

ஆஸ்திரேலியாவின் கடற்கரை நகரங்களை விட்டு உள்ளே செல்லச் செல்ல மழை குறைந்து, மரம் குறைந்து, ஊர்களுக்கு இடையிலான தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டராக விரிகிற வறண்ட உள்நாட்டுப் பரப்பையே அவுட்பேக் என்கிறார்கள். அதற்கு வரைபடத்தில் எல்லைக்கோடு கிடையாது. பூட்டிக் ஹோட்டல் என்பது பொதுவாக, அறைகள் குறைவாகவும், அறைக்கு அறை அமைப்பு வேறாகவும், அந்தந்த இடத்தின் தன்மையோடு ஒட்டியும் இருக்கும் சிறு ஹோட்டலைக் குறிக்கும். சிட்னியில் இந்தச் சொல்லைக் கேட்டால் பளபளப்பான வரவேற்பறையும் வாசனை மெழுகுவத்தியும் நினைவுக்கு வரலாம். கூபர் பீடியில் அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட்டு வருவதே நல்லது. இங்கே நீங்கள் பணம் கொடுப்பது பாறைக்கும் அமைதிக்கும்தான். அறை சுத்தமாக இருக்கும், மெத்தை நன்றாக இருக்கும், குளியலறையில் வெந்நீர் வரும். அதற்கு மேலான ஆடம்பரம் சில இடங்களில் உண்டு, பல இடங்களில் இல்லை. 1988இல் தொடங்கப்பட்ட டெசர்ட் கேவ் ஹோட்டல் இவற்றுள் பெரியது; மற்றவற்றில் பல, விரல்விட்டு எண்ணக்கூடிய அறைகளே கொண்டவை, உரிமையாளரே சாவியை எடுத்துத் தருகிற இடங்கள்.

மக்கள் ஏன் மண்ணுக்கடியில் வாழத் தொடங்கினார்கள்?

வெயில்தான் காரணம். கோடையில் இங்கே நிழலிலேயே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். சில நாட்களில் 45க்கும் மேலே போகும். கூரை போட மரமும் அருகில் இல்லை. ஆனால் பாறைக்குள் சில மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் 23 முதல் 25 டிகிரி வரைதான் இருக்கிறது, ஏனென்றால் மேலே உள்ள பாறையின் கனம் பகலின் வெப்பத்தையும் இரவின் குளிரையும் உள்ளே விடுவதில்லை.

1915ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, தங்கம் தேடி வந்த ஒரு சிறு குழுவில் இருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவன் இங்கே ஓப்பலைக் கண்டெடுத்தான். அந்தக் குழுவுக்கு அப்போது தங்கத்தைவிடத் தண்ணீரே பெரிய கவலையாக இருந்தது. அவன் தேடியதும் தண்ணீரைத்தான். அதன் பிறகு சுரங்கக்காரர்கள் வந்தார்கள். 1917இல் கண்டத்தின் குறுக்கே போடப்பட்ட இருப்புப்பாதை வேலை முடிந்ததும் அதில் உழைத்தவர்கள் வந்தார்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய படைவீரர்களும் வந்தார்கள். பதுங்குகுழிகளில் வாழ்ந்து பழகிய அந்த வீரர்களே குடைவு வீட்டுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த வீட்டை இன்றும் டக்அவுட் என்றுதான் அழைக்கிறார்கள். 1920இல் ஊருக்குச் சூட்டப்பட்ட கூபர் பீடி என்ற பெயர், ‘குப்பா பிட்டி’ என்ற பழங்குடிச் சொற்களிலிருந்து வந்தது. ‘வெள்ளைக்காரனின் குழி’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ஊரைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது.

அறைக்குள் எப்படி இருக்கும்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மேட்டின் பக்கவாட்டில் ஒரு கதவு மட்டும் தெரியும். மேட்டின் மேலே ஆங்காங்கே இரும்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை காற்றுப் போக்கிகள். கதவைத் திறந்து இருபது முப்பது அடி உள்ளே நடப்பதற்குள் வெயிலின் கூச்சமும் காற்றின் இரைச்சலும் நின்றுவிடுகின்றன.

அறையின் சுவர் வெளிர்ச் சிவப்பும் மஞ்சளும் கலந்த மென்மையான மணற்பாறை. குடையும் எந்திரத்தின் பற்கள் சுழன்று சென்ற தடம், கூரையிலும் சுவரிலும் பெரிய பெரிய வட்டங்களாகப் பதிந்திருக்கும். விளக்கைச் சுவரோரம் வைத்தால் அந்த வரிகள் நிழலோடு எழுந்து தெரியும். நடுநடுவே வெள்ளையாக ஜிப்சம் ஓடிய கீற்றுகள் உண்டு. பழைய அறைகளில் சுவரைத் தடவினால் விரலில் பொடி ஒட்டும், காலையில் தலையணையிலும் கொஞ்சம் இருக்கும். இப்போது பெரும்பாலான இடங்களில் பாறையின் மேல் நிறமற்ற பூச்சு ஒன்றைத் தடவி அதைத் தடுத்துவிடுகிறார்கள். புத்தகம் வைக்க மாடம் வேண்டுமென்றால் சுவரிலேயே குடைந்துகொள்கிறார்கள். நம் பாட்டி வீட்டு விளக்கு மாடம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

விளக்கை அணைத்ததும் வருகிற இருட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜன்னல் இல்லாத அறையில் கண் பழகிய பிறகும் எதுவும் தெரியாது. கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாது. ஒலியும் இல்லை. எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. “அம்மா, நான் கண்ணை மூடியிருக்கிறேனா, திறந்திருக்கிறேனா?” என்று இருட்டில் கேட்டாள். குழந்தைகளோடு போகிறவர்கள் சிறிய இரவு விளக்கு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களுக்கு அந்த உறக்கம், நகரத்தில் பல மாதங்கள் கிடைக்காத உறக்கம்; காலையாகிவிட்டதை உடம்பு அறியாது என்பதால், விமானமோ பேருந்தோ பிடிக்க வேண்டியவர்கள் கட்டாயம் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூச்சு முட்டாதா? பாறை இடிந்து விழாதா?

ஒவ்வோர் அறைக்கும் மேலே செல்லும் காற்றுக்குழாய் இருக்கிறது, காற்று தேங்குவதில்லை. இந்தப் பாறை, குடைவதற்கு மென்மையானது, குடைந்த பிறகு தன் எடையைத் தானே தாங்கி நிற்கக்கூடியது. கூரைக்கு மேலே போதிய கனத்தில் பாறையை விட்டே அறை குடைகிறார்கள். இருந்தாலும், மூடிய இடத்தில் இருந்தால் நெஞ்சு படபடக்கும் இயல்புள்ளவர்கள் தங்களை வற்புறுத்திக்கொள்ளக் கூடாது. அவர்களுக்காகவே பல ஹோட்டல்களில் தரைக்கு மேலேயும் அறைகள் உண்டு. வாசலை ஒட்டி ஜன்னலோடு அமைந்த முன்னறைகளும் சில இடங்களில் உண்டு. பகலில் ஊரின் நிலத்தடி தேவாலயத்துக்குள் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இரவைப் பற்றி முடிவு செய்வது நல்ல வழி.

பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

‘நிலத்தடி அறை’ என்று உங்கள் பதிவில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் முறை நாங்கள் போனபோது, ஹோட்டலின் விளம்பரப் படங்களில் எல்லாம் குடைவறைகளே இருந்ததால் எங்களுக்கும் அதுவே என்று நம்பிப் பதிவு செய்தோம். ஒன்பது மணி நேரம் காரோட்டிப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குக் கிடைத்தது தரைக்கு மேலே, தகரக் கூரையின் கீழ், குளிர்சாதனம் இரவு முழுவதும் இரைந்துகொண்டிருந்த அறை. குடைவறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. அந்த ஏமாற்றம் யாருக்கும் வேண்டாம். ஜூன், ஜூலை மாதங்களிலும் பள்ளி விடுமுறையிலும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வரவேற்பு மேசை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய இடங்களில் மாலையோடு மூடிவிட்டு, தாமதமாக வருகிறவர்களுக்குச் சாவியைப் பூட்டுப்பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

எந்த மாதங்களில் போகலாம்?

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. பகலில் இதமான வெயில் இருக்கும். ஜூன், ஜூலை இரவுகளில் வெளியே நல்ல குளிர், ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். கோடையில் அறைக்குள் குறையில்லை, ஆனால் வெளியே எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது, ஈத்தொல்லையும் தாங்காது. முகத்தை மூடும் வலைத்தொப்பியை அங்குள்ள கடைகளிலேயே விற்கிறார்கள். மழை மிகவும் அரிது. பெய்துவிட்டால் மண்சாலைகள் சேறாகி மூடப்படும், மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு.

எப்படிப் போய்ச் சேர்வது?

அடிலெய்டிலிருந்து சிறிய விமானத்தில் இரண்டு மணி நேரப் பயணம். அடிலெய்டுக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் இடையே ஓடும் கிரேஹவுண்ட் பேருந்து இந்த ஊரில் நிற்கிறது. கான் என்ற புகழ்பெற்ற ரயிலில் வருகிறவர்களும் உண்டு. டார்வினிலிருந்து தெற்கே வரும் பயணத்தில் அது 42 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மங்குரியில் நிற்கும், ஆனால் அது ஊரைச் சுற்றிப்பார்க்க மட்டுமே, தங்குவதற்கு அல்ல.

காரில் போவதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் அந்த வெறுமையை ஒன்பது மணி நேரம் பார்த்த பிறகுதான் பாறைக்குள் நுழைவதன் அருமை தெரிகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போலவே இங்கும் இடப்பக்கம் ஓட்டுவதால் நம்மவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. சாலை முழுவதும் தார்ச்சாலை. சாதாரணக் காரே போதும். வழியிலுள்ள போர்ட் அகஸ்டா நகரில் எரிபொருள் நிரப்பி, இடையிலுள்ள நிலையங்களிலும் நிரப்பிக்கொள்ள வேண்டும். கிளெண்டாம்போ என்ற சிற்றூரைத் தாண்டினால் கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும் கிடையாது. ஒரே லாரி மூன்று பெட்டிகளை இழுத்துச் செல்லும் ரோடு டிரெயின்கள் 50 மீட்டருக்கும் அதிகமான நீளம் கொண்டவை. எதிரே முழுதாகத் தெரியாமல் அவற்றை முந்தக் கூடாது.

பொழுது சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். கங்காருக்களும் ஈமுக்களும் மாடுகளும் அந்தி நேரத்தில்தான் சாலைக்கு வருகின்றன. வாடகைக் கார் நிறுவனங்கள் பல, ஊருக்கு வெளியே இரவில் விலங்கு மோதினால் காப்பீடு செல்லாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். இரண்டு நாளாகப் பிரித்து, போர்ட் அகஸ்டாவில் ஓர் இரவு தங்கிச் செல்வது பாதுகாப்பானது. ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீராவது காரில் இருக்கட்டும். வண்டி பழுதானால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது; அதன் நிழலிலேயே காத்திருக்க வேண்டும், யாராவது வருவார்கள், நின்று விசாரிக்காமல் போக மாட்டார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வகை குறைவு. ஓப்பலைத் தேடி ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து, குறிப்பாகக் கிரேக்கம், செர்பியா, குரோவேஷியா, இத்தாலியிலிருந்து வந்து தங்கியவர்களின் ஊர் இது. அதனால் பீட்ஸாவும், கிரேக்க முறையில் கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட பணியாரமும், சாலட்டும் கிடைக்கும். சோறு, குழம்பு என்று எதிர்பார்க்கக் கூடாது. சமையல் மேடையுள்ள குடைவறையை எடுத்து, அரிசி, பருப்பு, ஊறுகாய், ஒரு சிறிய குக்கர் கொண்டுபோய்விடுவது எங்கள் வழக்கம். பாறைக்குள் ரசம் கொதித்த வாசனை மறுநாளும் போகாமல் இருந்ததால், அடுத்து வருகிறவர்களை எண்ணி இப்போது தாளிப்பதை மட்டும் குறைத்துக்கொள்கிறோம். விக்டோரியா, நியூ சௌத் வேல்ஸ் பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் தக்காளி, மிளகாய், பழங்களை எடுத்துவரக் கூடாது. பழ ஈ பரவாமலிருக்கத் தென் ஆஸ்திரேலிய எல்லையில் அவற்றுக்குத் தடை இருக்கிறது.

தண்ணீர்?

ஊருக்கு வெளியே சுமார் 24 கிலோமீட்டரில் உள்ள ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து உப்புநீரை எடுத்து, உப்பு நீக்கி, குழாய் வழியாக வழங்குகிறார்கள். குடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாளிக்குப் பின்னும் இவ்வளவு வேலை இருக்கிறது என்பதால் குளியலைச் சுருக்கிக்கொள்வது விருந்தினரின் கடமை. உள்ளூர்க்காரர்கள் கேட்காமலேயே அதைச் செய்கிறார்கள்.

ஓர் இரவு போதுமா?

ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள பெரும் சிவப்புப் பாறையான உலுருவுக்குப் போகும் வழியில் ஓர் இரவு தங்கி, விடிந்ததும் கிளம்பி, மீதியுள்ள சுமார் 730 கிலோமீட்டரையும் ஓட்டிவிடுவதே பலருடைய திட்டம். இதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்வேன். முதல் இரவு உடம்பு பயணக் களைப்பில் தூங்கிவிடும்; இரண்டாம் இரவில்தான் பாறையின் அமைதி காதில் படும். இரண்டு இரவுகளாவது வேண்டும்.

இடையில் கிடைக்கும் ஒரு முழுப் பகலில் காலை வேளையை ஊருக்குக் கொடுங்கள். உமூனா ஓப்பல் சுரங்கமும் அருங்காட்சியகமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பழைய குடைவு வீடும் புதிய குடைவு வீடும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் முழுவதும் பாறைக்குள் குடையப்பட்டது. உயர்ந்து வளைந்த அதன் கூரையை நிமிர்ந்து பார்க்கும்போது, மலையைக் குடைந்து கோயில் கண்ட மரபில் வந்த நமக்கு அந்த உழைப்பு அந்நியமாகத் தோன்றாது. புல் ஒரு இதழ்கூட இல்லாத கோல்ஃப் மைதானமும் இருக்கிறது. ஆடுகிறவர்கள் பந்தை வைத்து அடிக்கச் சிறிய புல்விரிப்பைக் கையோடு தூக்கிச் செல்கிறார்கள்.

மாலையில் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள கன்கு பிரேக்அவேஸ் பூங்காவுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம், இப்போது வெள்ளை, மஞ்சள், காவி, சிவப்பு என்று அடுக்கடுக்கான நிறங்களோடு மேசை போன்ற குன்றுகளாக நிற்கிறது. இந்த நிலத்தின் மரபுரிமையாளர்கள் அன்டகிரிஞ்சா மட்டு-யன்குன்யட்ஜட்ஜாரா மக்கள். அவர்களுடைய உரிமையை நீதிமன்றம் 2011இல் ஏற்றது. ஒன்று வெளிறியும் ஒன்று பழுப்பாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரு குன்றுகளை அவர்கள் ‘பாப்பா குட்ஜாரா’, அதாவது இரண்டு நாய்கள், என்கிறார்கள். வெயில் சாயும்போது அந்த இரண்டும் நிறம் மாறுவதைப் பார்க்க அரை மணி நேரமாவது உட்காருங்கள். நுழைவு அனுமதியை முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும், குறித்த பாதையை விட்டு இறங்கக் கூடாது. அருகிலேயே, தெற்கிலுள்ள ஆடுகளை டிங்கோ என்ற காட்டு நாயிடமிருந்து காக்க 5,600 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நாய்வேலியின் ஒரு பகுதியும் தெரியும்.

இரவில் அறைக்குள் போவதற்கு முன் ஊர் விளக்குகளை விட்டுச் சற்று விலகி நின்று வானத்தைப் பாருங்கள். ஜூன், ஜூலை இரவுகளில், நம் ஊரில் தெற்கு வானில் சாய்ந்து தெரியும் விருச்சிகம் இங்கே உச்சிக்கு ஏறிவிடுகிறது. கேட்டை நட்சத்திரம் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே சிவந்து நிற்கும், அதைச் சுற்றிப் பால்வீதி மேகம் போலக் கிடக்கும். ஊரில் நட்சத்திரம் பார்த்துச் சொல்லித்தந்த என் அப்பா இதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. குடைவறைகள் பல தரைமட்டத்திலேயே மேட்டுக்குள் நேராகச் செல்கின்றன; எனினும் சில இடங்களில் படி இறங்க வேண்டும், அதைப் பதிவின்போதே கேளுங்கள். ஊரில் மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு 000 என்ற எண். அதைத் தாண்டிய நிலையில், 1928 முதல் அவுட்பேக் மக்களின் உயிர்நாடியாக இருக்கும் ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸின் விமானம் வரும். கைப்பேசி ஊருக்குள் வேலை செய்யும், பாறைக்குள் தடுமாறும், நெடுஞ்சாலையில் பெரும்பகுதி இருக்காது.

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. ஊரைச் சுற்றியுள்ள ஓப்பல் வயல்களில் கைவிடப்பட்ட செங்குத்துக் குழிகள் எண்ணற்றவை; ஓர் ஆள் இறங்கும் அகலமே இருந்தாலும் ஆழம் பல மீட்டர். வேலி கிடையாது. புகைப்படம் எடுக்கப் பின்னோக்கி நடக்காதீர்கள் என்று படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள், அது மிகையல்ல. குழந்தையின் கையை விடாதீர்கள்.

நாமே ஓப்பல் தேடலாமா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சுரங்கத்திலிருந்து கொட்டிய மண்மேடுகளைக் கிளறித் தவறவிட்ட கல்லைத் தேடுவதை இங்கே நூட்லிங் என்கிறார்கள். பிறருடைய சுரங்க உரிமையுள்ள இடத்தில் அதைச் செய்யக் கூடாது. பொதுமக்களுக்கென்று ஜுவல்லர்ஸ் ஷாப் ரோட்டில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். கல்லை நாக்கால் நனைத்தோ தண்ணீர் தெளித்தோ வெயிலில் திருப்பிப் பார்த்தால் நிறம் துலங்கும். எங்கள் மகளுக்கு அரை நாளில் கிடைத்தது கட்டைவிரல் நக அளவுக்கு நிறமில்லாத ஒரு துண்டு. ஒரு விளிம்பில் மட்டும் பச்சை ஒளி ஓடும்.

கடையில் வாங்கும்போது, அது முழுக் கல்லா, டப்லெட்டா, ட்ரிப்லெட்டா என்று கேளுங்கள். மெல்லிய ஓப்பல் ஏட்டைக் கருமையான அடித்தளத்தில் ஒட்டியது டப்லெட். அதன் மேல் கண்ணாடி போன்ற மூடியும் வைத்தது ட்ரிப்லெட். இவை போலியல்ல, ஆனால் விலை மிகவும் குறைவாக இருக்க வேண்டும், ஒட்டிய இடத்தில் நீர் இறங்கினால் மங்கிவிடும் என்பதால் கையைக் கழுவும்போது மோதிரத்தைக் கழற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் ஒரே கடையில் 300 டாலரோ அதற்கு மேலோ செலவழித்து, 60 நாட்களுக்குள் நாட்டை விட்டுப் புறப்பட்டால், விமான நிலையத்தில் ரசீதையும் கல்லையும் காட்டி ஜிஎஸ்டி வரியைத் திரும்பப் பெறலாம். கல்லைப் பெட்டியில் போட்டு முன்பே அனுப்பிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.